கொடியேற்ற நாளில் ஒரு நேர்முகம்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை என்று நாள் சொன்னது மேரிஜோசப்பின்தான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

சென்ற கிழமை நடந்தது நினைவிருக்கும். ஊர்காவற்றுறையில் புதிதாகத் திறக்கப்போகும் நண்டு பதனிடும் நிலையத்துக்கு மேற்பார்வையாளர் தேவை என்ற விளம்பரத்தை மகள் சுகந்தி வாசித்துக் காட்டினாள். நாற்பத்தொன்பது வயதுத் தாய் மேரிஜோசப்பின், வெங்காயம் உரித்த கையைத் துடைத்துவிட்டு, "அதுக்கு நான் போடட்டோ?" என்று கேட்டாள். இருவருமாக விண்ணப்பத்தை அனுப்பினார்கள். வீட்டுத் தலைவர் பத்திநாதரிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தீவுகளில் இருப்பவர்கள் படகேறி வரவேண்டாம், தொலைபேசியிலேயே நேர்முகம் வைத்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை வரை எந்த நாளென்றாலும் சரி என்றார்கள்.

"வெள்ளிக்கிழமையே வையுங்கோ. பத்தரைக்கு," என்றாள் மேரிஜோசப்பின்.

அதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. வெள்ளிக்கிழமை எழுவைதீவு அந்தோனியார் கோயில் திருநாளின் கொடியேற்றம். அன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். பத்திநாதர் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். பின்னேரம் ஐந்து மணிக்குக் கொடிக் கயிற்றை இழுக்கும் உரிமை தலைவருக்குத்தான். விடியவே கோயிலடிக்குப் போனாரென்றால் சாப்பாட்டு நேரத்துக்கு முன் வீட்டுப் பக்கம் தலைகாட்டமாட்டார். நேர்முகத்துக்கு இதைவிட வசதியான நாள் வருடத்தில் வராது.

ஏன் இந்த ஒளிப்பு என்று கேட்பீர்கள். வேலை கிடைக்காமல் போனால் இறங்குதுறை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கிடைத்தால் அதைவிடச் சிக்கல். படகு காலையிலும் மாலையிலும்தான். கிழமையில் ஐந்து நாள் ஊர்காவற்றுறையில் அக்காள் வீட்டில் தங்கவேண்டி வரும். அதற்கு மனிதர் என்ன சொல்வாரோ தெரியாது. கிடைத்த வேலைக்காகச் சண்டை பிடிக்கலாம், கிடைக்காத வேலைக்காக எதற்குப் பிடிக்கவேண்டும் என்று மேரிஜோசப்பின் நினைத்தாள்.

ஆசை மட்டும் சின்ன ஆசையில்லை. இருபத்தைந்து வருடமாக வலையிலிருந்து நண்டு கழற்றுகிறாள். இறங்குதுறையில் தராசோடு நிற்கும் வியாபாரியின் ஆள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாம் தரம் அக்கா," என்பான். தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான். அவன் சொன்னதுதான் தரம். அந்தச் சொல்லை ஒருமுறையாவது தான் சொல்லவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மூன்று நாளாக நித்திரையே இல்லை.

ஆக, வெள்ளிக்கிழமை விடிந்தது. பத்திநாதர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோயிலடிக்குப் போனார். அவர் படலையைச் சாத்தியதும் தாயும் மகளும் குசினிக்குள் புகுந்தார்கள்.

சுகந்திக்கு இருபத்திமூன்று வயது. கணினிப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். மூன்று நேர்முகங்களுக்குப் போய், மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பியவள். அதனால் நேர்முகத்தில் எதைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு மிக நன்றாகத் தெரியும்.

"நான் இப்ப நிலையத்து மிஸ். எடுக்கிறன் பாருங்கோ," என்று சொல்லி அறைக்குள் போய்த் தாயின் தொலைபேசிக்கு அழைத்தாள்.

"ஓம், சொல்லுங்கோ. சத்தம் கேக்குதோ?"

குசினி வாசலில் நின்ற கோழிகள் இரண்டும் வேலியைத் தாண்டிப் போயின.

சுகந்தி திரும்பி வந்தாள். "அம்மா, எனக்குப் போனே தேவையில்லாமல் கேட்டது. ஏன் இப்பிடிக் கத்துறியள்?"

"தூரமெல்லே பிள்ளை."

குறை சொல்லமுடியாது. தொலைபேசியில் மேரிஜோசப்பின் கதைத்தது முக்கால்வாசியும் கடலில் நிற்கும் கணவரோடுதான். அங்கே எஞ்சின் இரையும், காற்று இரையும். கத்தினால்தான் கதை.

"நிலையத்து ஆக்கள் கந்தோர் அறைக்குள்ள இருக்கினம். பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ. சரி, உங்கட பலம் என்ன எண்டு கேட்டால்?"

"நண்டைத் தொட்டாச் சொல்லிப்போடுவன்."

"அப்பிடியில்லை. 'நான் குழுவாக இணைந்து வேலை செய்யக்கூடியவள்.' சொல்லுங்கோ."

"ஆரோட?"

"ஆரோடயும்தான். பலவீனம் என்ன எண்டு கேப்பினம்."

மேரிஜோசப்பின் உண்மையாகவே யோசித்தாள். "முழங்கால்," என்றாள்.

சுகந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, நல்ல பதில்களாகப் பத்தைத் தேர்ந்து ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். 'முழங்கால்' அந்தத் தாளில் ஏறவில்லை.

எட்டரைக்கு அறையிலிருந்து மேரிஜோசப்பின் வெளியே வந்தபோது, கொடியேற்றத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நீலச் சேலையை உடுத்திருந்தாள். முகத்தில் பவுடர்.

"போனில உடுப்புத் தெரியாது அம்மா."

"எனக்குத் தெரியுமெல்லே."

சுகந்தி அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேறு ஒரு குரல் வீட்டுக்குள் புகுந்தது.

"மைக் டெஸ்டிங். ஒண்டு, ரெண்டு, மூண்டு."

காலைப் படகில் வந்திறங்கிய ஒலிபெருக்கிகளை, பாட்டுப் போடுகிற டெனிஸ்ரன் கட்டி முடித்துவிட்டான். கோயிலடியில் இரண்டு, இறங்குதுறையில் ஒன்று, நான்காவது இவர்கள் வேலிப் பனையில், வாய் வீட்டைப் பார்த்தபடி. அடுத்த நிமிடம் அந்தோனியார் பாட்டுத் தொடங்கியது. குசினியில் கழுவி அடுக்கிய கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.

மேரிஜோசப்பின் கதிரையில் இருந்துவிட்டாள். அவள் வாய் அசைந்ததே தவிரச் சொன்னது கேட்கவில்லை. சுகந்தி காதைக் கொண்டுபோய்க் கிட்ட வைத்தாள்.

"மனுசன் வீட்டில நிக்கமாட்டார் எண்டுதான் இந்த நாளைச் சொன்னனான். பாட்டுப் போடுவினம் எண்டதை யோசிக்கேல்லையே."

ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்தன்று இதே பாட்டு, இதே பனை. பிறந்த நாள் முதல் கேட்பது. கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒரு சத்தம் என்பதே மறந்துபோயிருந்தது.

சுகந்தி நிலையத்துக்கு அழைத்து நேரம் மாற்றக் கேட்டாள். நேர்முகம் இன்றோடு முடிகிறது, மாற்ற வழியில்லை என்றார்கள். அதையும் கிணற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் கேட்டு முடித்தாள். காலைப் படகு ஊர்காவற்றுறைக்குத் திரும்பிப் போய்விட்டது. இனி விருந்தினரை ஏற்றிக்கொண்டு பின்னேரம்தான் வரும். தீவோ ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடக்கூடியது. அதில் பாட்டுக் கேட்காத மூலை கிடையாது.

கோயிலடிக்கு ஓடினாள். டெனிஸ்ரன் பெட்டிகளுக்கு நடுவில் வயர் சுற்றிக்கொண்டிருந்தான்.

"டெனிஸ்ரன் அண்ணை, பத்தரைக்கு ஒரு அரை மணித்தியாலம் பாட்டை நிப்பாட்டுவீங்களோ?"

"என்ன கதை கதைக்கிறீர்? கொடி ஏறுமட்டும் பாட்டு நிக்கக்கூடாதெண்டு சங்கத் தலைவற்ற கட்டளை. உம்மட அப்பாவைக் கேளும்."

அப்பாவைக் கேட்பது. அதைத்தான் தவிர்க்கப் பார்த்தார்கள். சுகந்தி நீலச் சேலையோடு கதிரையில் இருந்த தாயை நினைத்தாள். கேட்டேவிடுவது என்று நடந்தாள்.

பத்திநாதர் கொடிமரத்தடியில் நின்று, கயிற்றை இடது கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி அவர் காதருகே போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"எந்த நிலையம்?" என்றார்.

"ஊர்காவற்றுறையில புதுசாத் திறக்கினமே, நண்டு நிலையம்."

பத்திநாதர் கயிற்றை விடவில்லை. திட்டு விழப்போகிறது என்று சுகந்தி காத்திருந்தாள்.

"அம்மாவோ போட்டவ?"

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"பத்தரைக்கு அப்பா. பாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோவன்."

"நேற்று நானே சங்கக் கூட்டத்தில சொன்னனான், பாட்டு நிக்கக்கூடாதெண்டு. இப்ப என்ர வீட்டுக்கெண்டு நிப்பாட்டுறதோ?" கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. நடக்கத் தொடங்கினார். வீட்டுப் பக்கமும் இல்லை, கோயில் பக்கமும் இல்லை, நேரே கடற்கரைக்கு.

படலையில் நின்ற மேரிஜோசப்பின், கணவர் முன்னாலும் மகள் பின்னாலும் போவதைக் கண்டாள். விசயம் தெரிந்துவிட்டது என்று விளங்கியது. சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் போனாள்.

பத்திநாதர் தங்கள் வள்ளத்திலிருந்து வலையை ஒற்றைக் கையால் இழுத்து மணலில் போட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவர் இப்படித்தான் எதையாவது இழுப்பார், தூக்குவார்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?"

"வலை இறக்கிறன்."

சத்தம் கேட்டு இரண்டு மூன்று பேர் கிட்ட வந்தார்கள். பக்கத்து வள்ளக்காரன் கேட்டே விட்டான். "அண்ணை, இண்டைக்கு ஆரின்ர வள்ளமும் தொழிலுக்கு இறங்கக்கூடாதெண்டு நீங்களெல்லே நேற்றுச் சொன்னனீங்கள்?"

"ஓம், தொழிலுக்கு. வலை இஞ்ச கிடக்கு, வடிவாப் பார்த்துக்கொள்ளும். திரும்பி வரேக்க வள்ளத்தில ஒரு மீன் செதில் கண்டாலும் தலைவரை மாத்துங்கோ."

பத்திநாதர் மனைவியின் பக்கம் திரும்பினார். நீலச் சேலையையும் பவுடரையும் பார்த்தார்.

"மேரி, உமக்கு அந்த வேலை வேணுமோ?"

தாளில் பத்துப் பதில்கள் இருந்தன. இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

"வேணும்," என்றாள்.

"அப்ப ஏறும்."

பக்கத்து வள்ளக்காரனும் மற்றவர்களும் வள்ளத்தைத் தள்ளிக் கொடுத்தார்கள். எஞ்சின் கயிற்றைப் பத்திநாதர் இடது கையால் இழுத்தார். மூன்றாம் இழுவையில்தான் பிடித்தது. முன்பெல்லாம் ஒரே இழுவையில் எழுப்புவார். மேரிஜோசப்பின் அதைக் கவனித்தாள், ஆனால் யோசிக்க நேரமில்லை. மகள் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் இருந்துகொண்டு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம்?"

"அனுபவம், பொறுமை, நேரந் தவறாமை."

"பொறுமையோ?" என்றார் பத்திநாதர் பின்னாலிருந்து.

"நீங்கள் எஞ்சினைப் பாருங்கோ."

"அம்மா, இஞ்ச பாருங்கோ. அஞ்சு வருசத்தில நீங்கள் எங்க இருப்பியள்?"

மேரிஜோசப்பினுக்குத் தாளில் இருந்த பதில் மறந்துவிட்டது.

"கரையில," என்றார் பத்திநாதர்.

தாயும் மகளும் சிரித்தார்கள். வள்ளம் துள்ளித் துள்ளிப் போனது. சேலைக் கரை நனைந்தது. மேரிஜோசப்பினுக்கு இருபது வயது குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. கணவரிடம் மறைத்து வைத்த இத்தனை நாள் பாரமும் கரையிலேயே வலையோடு இறங்கிவிட்டது. அந்தோனியார் பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் நினைத்துக் கேட்டால்தான் கேட்கும் என்றானது. பத்திநாதர் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டார்.

பத்தே கால். தொலைபேசியில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தன. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாகப் பத்தரைக்கு அது ஒலித்தது. சுகந்தி சத்தத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் திருப்பிவிட்டுத் தாயிடம் கொடுத்தாள்.

"ஓம், சொல்லுங்கோ. சத்தம் கேக்குதோ?"

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லாக் கேக்குது அம்மா," என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "என்ர பேர் பிரியதர்சினி. முதல்ல உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ."

மேரிஜோசப்பின் தாளைத் தூக்கிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். "நான் குழுவாக இணைந்து…" காற்று ஒரே இழுப்பில் தாளைக் கொண்டுபோனது. சுகந்தி எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பத்துப் பதில்களும் தண்ணீரில் மிதந்தன.

"அம்மா? நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன் மிஸ்."

"சரி, இப்பிடிக் கேக்கிறன். ஒரு பெட்டி நண்டு வருது. பெரிய நண்டு, பார்க்க வடிவு, முதலாம் தரமெண்டு கொண்டந்தவர் சொல்லுறார். நீங்கள் என்ன செய்வியள்?"

மேரிஜோசப்பின் நிமிர்ந்து இருந்தாள். குரல் தானாகவே இறங்கியது.

"சொல்லுறதைக் கேட்டு எழுதமாட்டன். ஒவ்வொண்டா எடுத்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால அமத்திப் பார்ப்பன். கால் அடியிலயும் அமத்துவன். அமத்தின இடம் உள்ளுக்குப் போனால் அது கோது கழட்டின நண்டு. உள்ளுக்குத் தண்ணிதான், சதை இராது. வெளியில பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது மிஸ். விரலுக்குத்தான் தெரியும்."

"கொண்டந்தவர் உங்கட சொந்தக்காரர் எண்டால்?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

"என்ர மனுசனே போன மாசம் கொண்டந்தவர். அதில பதினெட்டு, அமத்தினால் உள்ளுக்குப் போற நண்டு. எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டனான். ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

"மூண்டாம் நாள்?"

"மூண்டாம் நாள் பசிச்சிட்டுது."

பிரியதர்சினி அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெளியே வந்துவிட்டது. "ஒண்டரை நாள்தான்," என்று பத்திநாதர் முணுமுணுத்தார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது நேர்முகம் மாதிரியே இருக்கவில்லை. பெண்கள் பிந்தி வந்தால் என்ன செய்வீர்கள், ஐஸ் குறைந்தால் எதை முதலில் உள்ளே எடுப்பீர்கள் என்று பிரியதர்சினி கேட்கக் கேட்க, மேரிஜோசப்பின், பக்கத்து வீட்டுக்காரியோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தாள்.

"அம்மா, தண்ணிச் சத்தம் ஒண்டு கேக்குது. எங்க நிக்கிறீங்கள்?"

"கடலில மிஸ். தீவில இண்டைக்குக் கொடியேற்றம், ஒரே பாட்டு. மனுசன் வள்ளத்தில கொண்டந்து விட்டவர்."

அந்தப் பக்கம் மறுபடி சிரிப்புக் கேட்டது. பிறகு பிரியதர்சினி சொன்னாள். "இந்தக் கிழமை முப்பத்தொரு பேரோட கதைச்சனான். நண்டைத் தொட்டுப் பார்ப்பன் எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான். எனக்கு உங்களைத்தான் வேணும்."

சுகந்தி தாயைக் கட்டிப் பிடித்ததில் வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. மேரிஜோசப்பினின் கண் நிறைந்துவிட்டது. நன்றி என்று சொல்ல வேண்டும் என்பதுகூட மறந்துபோனது.

"ஒரு விசயம் அம்மா," என்றாள் பிரியதர்சினி. தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "எழுவைதீவுக்கு ஒரு சேகரிப்பாளரும் எடுக்கிறம். வள்ளங்கள் கொண்டாற நண்டைக் கரையில நிண்டு வாங்கி எங்களுக்கு அனுப்புற வேலை. அதுக்குப் பத்திநாதர் எண்டு ஒருத்தரைத் தெரிவு செய்து வைச்சிருக்கிறம். விலாசத்தை இப்பதான் பார்க்கிறன், உங்கட விலாசமாக் கிடக்கு."

சுகந்தி தாயின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அனுப்புறவரும் தரம் பார்க்கிறவரும் ஒரே வீட்டில இருக்கேலாது. அது எங்கட விதி. எனக்கு மாத்த ஏலாது அம்மா. ரெண்டு பேருமாக் கதைச்சு, ஆரெண்டு இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்கோ."

தொலைபேசி ஓய்ந்தது. நினைக்காமலே அந்தோனியார் பாட்டு மறுபடி கேட்டது.

"நீங்களும் போட்டனீங்களோ?" என்று மேரிஜோசப்பின் கேட்டாள்.

"ஓம். போன மாசம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"நீரும் சொல்லேல்லைத்தானே."

சரியாகத்தான் இருந்தது. அவளுக்குக் கோபப்பட இடமில்லை. ஆனால் வேறொன்று உறுத்தியது.

"ஒரு வீட்டில ஒராள்தான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"என்ர படிவத்தில கிடந்தது. வாசிச்சனான்."

"வாசிச்சுப்போட்டோ என்னை இஞ்ச கொண்டந்தனீங்கள்?"

பத்திநாதர் நங்கூரக் கயிற்றை எடுத்து இழுத்தார். இடது கையால். வலது கை மடியில் சும்மா கிடந்தது.

இப்போது அவளுக்கு யோசிக்க நேரம் இருந்தது. மூன்று முறை இழுத்த எஞ்சின். மணலில் ஒற்றைக் கையால் இழுத்துப் போட்ட வலை. ஐந்து வருடத்தில் எங்கே என்று கேட்டதற்கு, கரையில் என்றவர் தான் மட்டும் சிரிக்கவில்லை.

"கயிற்றை விடுங்கோ," என்றாள். எழுந்து பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். சேட்டுக் கொலரை விலக்கி, வலது தோள்மூட்டில் பெருவிரலை வைத்து மெல்ல அமத்தினாள். பத்திநாதர் பல்லைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"தை மாசத்திலயிருந்து. தூக்க ஏலாது மேரி. அதுதான் கரை வேலைக்குப் போட்டனான்."

ஆறு மாதம். ஒரே வீட்டில், ஒரே வலையடியில். ஊர் நண்டையெல்லாம் தொட்டுச் சொல்கிறவள் இந்தத் தோளைத் தொட்டுப் பார்க்கவில்லையே என்று மேரிஜோசப்பினுக்கு நெஞ்சு எரிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"சுகந்தி, எஞ்சினை நீ வந்து இழு," என்றாள். பிறகு கணவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்குச் சனத்துக்கு முன்னால கொடிக் கயிறு இழுக்கவேணும். எந்தக் கையால இழுக்கப் போறியள்?"